புதிய பாடத்திட்டம்: முடிவெடுத்த பிறகுதான் பெற்றோரைக் கேட்பார்களா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் எங்கள் பள்ளி மாவட்டம் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை கணிதத்துக்குப் புதிய பாடத்திட்டம் வாங்கப் போகிறது. புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் யார் யார், ஏன் இந்தப் பதிப்பகம் என்று கேட்டால் சரியான பதில் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு சர்வே மட்டும் வந்தது. பதிப்பகத்தோடு ஏதோ பேரம் நடந்திருக்கிறது என்று பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள். மாவட்டப் பள்ளிகளை நிர்வகிக்கும் போர்டின் கூட்டத்தில் போய்ப் பேசினால் பலன் உண்டா?

பதில்: பேசுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அங்கே உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடம்தான். அதற்குள் உறுப்பினர்கள் பலரும் ஒரு முடிவோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். உண்மையான தேர்வு நடப்பது கமிட்டியின் மதிப்பெண் தாளில்.

அப்படி ஒரு கமிட்டியில் நானும் இருந்திருக்கிறேன். மாலை நாலு மணி. நாள் முழுக்க வகுப்பெடுத்துக் களைத்துப்போன ஆசிரியர்கள். மேசைமேல் மூன்று பதிப்பகங்களின் பெட்டிகள். ஒவ்வொரு அம்சத்துக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் போட வேண்டும். ஒரு பெட்டியில் கடைசி நான்கு புத்தகங்களின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் சராசரியில் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. போர்டுக்குப் போன அறிக்கையிலோ 'கமிட்டி பரிந்துரைக்கிறது' என்று ஒரே வரி. யாரும் காசு வாங்கவில்லை, அவசரப்பட்டார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் ஆதாரம் இல்லாமல் பேரம் என்று சொல்லாதீர்கள். பதிப்பகத்திடம் பள்ளி அதிகாரிகள் பணமோ பொருளோ வாங்குவதைக் கலிஃபோர்னியா சட்டம் தடை செய்கிறது. வெறும் சந்தேகத்தை மைக்கில் சொன்னால், அதற்கப்புறம் நீங்கள் கேட்கும் நியாயமான கேள்வியும் எடுபடாது.

பதிலாக, பொது ஆவணச் சட்டத்தின்படி மாவட்டத்துக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். கமிட்டி உறுப்பினர் பட்டியல், மதிப்பெண் தாள்களும் குறிப்புகளும், சோதனை வகுப்பு நடத்திய ஆசிரியர்களின் கருத்து, பதிப்பகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து, இந்த நான்கும் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தர முடியுமா, முடியாதா என்று 10 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். சில சூழ்நிலைகளில் இன்னும் 14 நாள் எடுத்துக்கொள்ளலாம். வரிப்பணத்தில் வாங்கும் புத்தகத்துக்குப் போட்ட மதிப்பெண்ணைப் பார்க்க ஒரு தாய் சட்டம் படித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. பெற்றோர் பங்களிப்பை ஊக்குவிக்க வேண்டும் என்று கல்விச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு எதற்கு இந்த மூடுமந்திரம்?

கமிட்டிக் கூட்டத்தில் நீங்கள் போய் உட்காரலாமா என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். போர்டு தீர்மானம் போட்டு அமைத்த கமிட்டி என்றால் பிரவுன் சட்டம், அதாவது கலிஃபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டம், பொருந்தும். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும், யார் வேண்டுமானாலும் போகலாம். மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் தானாகக் கூட்டிய கமிட்டி என்றால் பொருந்தாது என்பார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். அந்தக் கமிட்டி போர்டின் எழுத்துபூர்வமான கொள்கையின்படி அமைந்ததா என்று பாருங்கள். அப்படியானால், ஆட்களை நியமித்தது கண்காணிப்பாளராகவே இருந்தாலும், அது திறந்த கூட்டம்தான் என்று வாதாட இடம் உண்டு. 1993-ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பள்ளி மாவட்ட வழக்கில் இந்த வழியில்தான் தீர்ப்பளித்தது. போர்டு கொள்கைகள் பொதுவாக மாவட்ட இணையதளத்திலேயே இருக்கும். 'பாடப்பொருள் தேர்வு' என்ற தலைப்பைத் தேடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: இந்தப் புத்தகம் மாநிலக் கல்வி வாரியத்தின் பட்டியலில் உள்ளதா? இல்லாவிட்டாலும் வாங்கலாம், ஆனால் பரிசீலித்தவர்களில் பெரும்பான்மையோர் அந்தப் பாடமோ வகுப்போ எடுக்கும் ஆசிரியர்களாக இருக்க வேண்டும்.

'எட்ரிப்போர்ட்ஸில் பச்சை வாங்கியது' என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால் மயங்காதீர்கள். எட்ரிப்போர்ட்ஸ் என்பது பாடப்புத்தகங்களை மதிப்பிடும் அமைப்பு, பச்சை என்றால் நல்ல மதிப்பீடு. அந்த அமைப்பு பார்ப்பது, புத்தகம் பாடத்தரங்களோடு ஒத்துப்போகிறதா, ஆசிரியர் பயன்படுத்த வசதியா என்பதைத்தான். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களா என்பது வேறு கேள்வி. அதேபோல, பாடத்திட்டம் மாறும் செய்தி வந்ததுமே சில டியூஷன் சென்டர்கள் 'உங்கள் பிள்ளை பின்தங்கிவிடும்' என்று பயமுறுத்தி ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்பார்கள். ஒரே ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிப் பீதி கிளப்புவதும் பெரும்பாலும் இவர்கள் வேலை. ஒரு பைசா கட்டாதீர்கள். முழுப் புத்தகத்தையும் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ப் புரட்டிப் பாருங்கள்.

தாமதிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ மாவட்டம் 2014-ல் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவை நிறுத்தியது. அதைத் திரும்பக் கொண்டுவர போர்டு வாக்களித்தது பத்து வருஷம் கழித்து, 2024-ல்.

கடைசியாக, நிகழ்ச்சி நிரல் வந்ததும் 'கன்சென்ட் காலண்டர்' பகுதியைத்தான் முதலில் பாருங்கள். விவாதமே இல்லாமல் மொத்தமாக ஒப்புதல் தரும் பட்டியல் அது. புத்தகம் வாங்கும் தீர்மானம் அங்கே இருந்தால், கூட்டத்துக்கு முன்பே உங்கள் பகுதி உறுப்பினருக்கு எழுதி, அதைத் தனியாக எடுத்து விவாதிக்கச் சொல்லுங்கள்.