எம்1ல விட்டுப்போன மைனஸ்

கேள்வி: சார், மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். எம்1 (இன்ஜினியரிங் மேத்ஸ் முதல் பேப்பர்) அரியர் ரெண்டு தடவ எழுதியும் கிளியர் ஆகல. சீனியர் குடுத்த இம்பார்ட்டண்ட் கொஸ்டின் மொத்தமும் மனப்பாடம், யூடியூப் வீடியோவும் பாத்தாச்சு, ஆனா ஹால்ல நம்பர மாத்திட்டா கை அப்படியே நின்னுடுது. நான் போட்ட சம் ஒண்ணு அனுப்பியிருக்கேன். ஷாப் ஃப்ளோர்ல நிக்கப்போறவனுக்கு ஐகன் வேல்யூ எதுக்கு சார்?
(பேர் வேண்டாம், திருச்செங்கோடு)

பதில்: தம்பி, பக்கத்த பாத்தேன். நீ போட்ட மேட்ரிக்ஸ்ல மேல் வரிசை 2, -1, கீழ் வரிசை -1, 2. ஐகன் வேல்யூவ லாம்டான்னு வச்சு (2 - லாம்டா) ஸ்கொயர் = 1 வரைக்கும் அழகா வந்துட்டு, அடுத்த வரில 2 - லாம்டா = 1, அதனால லாம்டா 1னு எழுதி அடில ரெண்டு கோடும் போட்டுட்ட. -1ஐ ஸ்கொயர் பண்ணாலும் 1 தானேப்பா, அத விட்டதுல 3ங்குற இன்னொரு விடை போச்சு. டயகனல்ல இருக்குறத கூட்டு, 4 வருது, ஐகன் வேல்யூ ரெண்டையும் கூட்டினாலும் 4 வரணும், பெருக்கினா டிடெர்மினன்ட் 3 வரணும். இத டூ மார்க்ஸுக்கு நீ கண்டிப்பா மனப்பாடம் பண்ணிருப்ப, ஆனா சம் முடிச்சதும் அத வச்சே செக் பண்ணலாம்னு யாரும் சொல்லல போல. பத்து செகண்ட் வேல.

எதுக்குன்னு கேட்டல்ல? ரெண்டு சுவர், நடுவுல ஒரே எடைல ரெண்டு கட்டை, எல்லாத்தையும் வரிசையா இணைக்க ஒரே மாதிரி மூணு ஸ்பிரிங். இதுக்கு ஈக்குவேஷன் எழுதினா வர்றது சாட்சாத் உன் மேட்ரிக்ஸேதான், ஸ்பிரிங்கோட விறைப்பு மட்டும் முன்னாடி பெருக்கலா நிக்கும். ஒவ்வொரு ஐகன் வேல்யூவும் கட்டைங்க ஆடுற ஒரு விதம்: லாம்டா 1னா ரெண்டு கட்டையும் ஒரே பக்கமா சேந்து ஆடுது, நடு ஸ்பிரிங் இழுபடவே இழுபடாது. லாம்டா 3னா ஒண்ணுக்கொண்ணு எதிரா ஆடும், நடு ஸ்பிரிங் ரெண்டு பக்கத்துலேருந்தும் நசுங்கும், அதிர்வு ரூட் 3 மடங்கு, அதாவது 1.732 மடங்கு வேகமாயிடும். நீ விட்டது அந்த ரெண்டாவது அதிர்வ. ஷாப் ஃப்ளோர்ல மெஷின் ஓடுற வேகம் அதோட ஒத்துப்போச்சுன்னா மெஷினே உதற ஆரம்பிக்கும், அப்ப தெரியும் எதுக்குன்னு.

வீடியோ பாக்குறது தப்பில்ல, ஆனா சம் பாதில நிறுத்திட்டு மிச்சத்த நீயே பேப்பர்ல போடு. எனக்கும் எம்2 ஒரு தடவ புட்டுக்கிச்சு, நானும் பாத்துப் பாத்து தலையாட்டினவன்தான்.

கேள்வி: டிப்ளமோ முடிச்சு லேட்டரல் என்ட்ரில நேரா மூணாவது செமஸ்டர். ஃபோரியர் சீரிஸ் (ஒரு ஃபங்ஷன சைன், காஸ் டெர்ம்களோட கூட்டலா எழுதுறது) தலையும் புரியல வாலும் புரியல.
(ஒரு வாசகி, கயத்தாறு)

பதில்: உங்க பிரச்சன ஃபோரியர் இல்லம்மா, இன்டக்ரேஷன். பெர்னூலி ஃபார்முலாவ மட்டும் ஒரு வாரம் போட்டுப் பாருங்க: பெருக்கல்ல இருக்குற ரெண்டு ஃபங்ஷன்ல ஒண்ண டிஃபரன்ஷியேட் பண்ணிட்டே போகணும், இன்னொண்ண இன்டக்ரேட் பண்ணிட்டே போகணும், பிளஸ் மைனஸ் மாறி மாறி வரும். அப்புறம் சம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஃபங்ஷன் ஆட்-ஆ (odd) ஈவன்-ஆன்னு (even) பாத்துடுங்க; எக்ஸுக்கு பதிலா மைனஸ் எக்ஸ் போட்டா முழுசுக்கும் மைனஸ் வந்தா ஆட், மாறாம அப்படியே இருந்தா ஈவன். மைனஸ் பை-லேருந்து பை வரைக்கும் வெறும் எக்ஸ் குடுத்திருந்தா அது ஆட், காஸ் டெர்ம் எல்லாம் ஜீரோ, சைன் மட்டும் கண்டுபிடிச்சா போதும், ஒரு பக்க வேல மிச்சம்.