தறி, தந்தி, கணினி: கேள்வி பதில்

மாங்குளம்: கைத்தொழில் புரட்சிக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் என்ன உறவு?

நீராவி வேகத்தைத் தந்தது. அந்த வேகத்தைக் கட்டியாளச் செய்தி தேவைப்பட்டது. உங்கள் ஊர்ப் பாதை ஒற்றைத் தண்டவாளம். கிளிநொச்சியில் வண்டி புறப்பட்டதை, எதிர்த்திசையில் வண்டி விடக் காத்திருக்கும் மாங்குளத்து நிலைய அதிபர் முன்கூட்டியே அறியாவிட்டால், இரண்டும் நேருக்கு நேர் மோதும். குதிரையில் ஆள் அனுப்பினால் வண்டி அவரை முந்திவிடும். இங்கிலாந்தில் 1839 இல் குக், வீட்ஸ்டன் இருவரின் மின்தந்தி பாடிங்டனிலிருந்து வெஸ்ட் டிரேய்ட்டன் வரை புகையிரதப் பாதையோரமாகவே ஓடியது தற்செயலன்று.

புதுக்குடியிருப்பு: முதற்கணினியைக் கண்டுபிடித்தவர் யார்?

ஒற்றைப் பெயரை மனனம் செய்யாதீர்கள். ஆங்கிலேயக் கணிதவியலாளர் பாபேஜ் 1837 இல், கட்டளைப்படி கணக்கிடும் பகுப்பாய்வுப் பொறியைத் திட்டமிட்டார், கட்டி முடிக்கவில்லை.

மல்லாவி: அதற்கு முன்பே வந்த ஜக்கார்ட் தறிதான் கணினி என்கிறேன்.

மறுக்கிறேன். 1804 அளவில் பிரான்சில் ஜக்கார்ட் என்பவர் உருவாக்கிய அத்தறியில், துளையிட்ட அட்டை ஊசிகளின் மேல் அழுந்தும். துளையுள்ள இடத்தில் ஊசி அசையாது நிற்க, அதன் கொக்கி, நீளவாக்கில் ஓடும் பாவு நூலை உயர்த்தும். துளையில்லாத இடத்தில் ஊசி பின்தள்ளப்பட, நூல் கீழேயே கிடக்கும். குறுக்கு நூலான ஊடை இடையே ஓடும்.

மல்லாவி: அட்டையை மாற்றினால் பூவேலை மாறுகிறதே, அது நிரல் அல்லவா?

நிரல்தான், அதில் நியாயம் உங்கள் பக்கம். ஆனால், தான் நெய்ததைப் பார்த்து அடுத்த அட்டையைத் தறி தெரிவு செய்வதில்லை. பாபேஜின் திட்டத்திலோ, கிடைத்த விடையைப் பொறுத்து அடுத்த படி மாறலாம்.

முள்ளியவளை: அப்படியாயின் ஹொலரித்தின் இயந்திரம்?

அமெரிக்காவின் 1880 குடிசனமதிப்பைக் கையால் தொகுக்க ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. 1890 இல் அமெரிக்கரான ஹொலரித்தின் இயந்திரத்தில், அட்டைத் துளையினூடே கம்பிமுனை இறங்கிப் பாதரசத்தைத் தொட்டதும் மின்சுற்று மூடி, எண்முகப்பு ஒன்று நகர்ந்தது. அது எண்ணியது, முடிவெடுக்கவில்லை. ஆயினும், பின்னர் ஐபிஎம் என்னும் கணினி நிறுவனமாக மாறிய நிறுவனத்தின் வேர்களில் அவருடைய தொழிலும் ஒன்று.

விசுவமடு: கணினியின் தந்தை யார்?

புதுக்குடியிருப்புக்குச் சொன்னதே. தந்தையைத் தேடும் பழக்கத்தைப் பாடசாலையோடு விட்டுவிடுங்கள்.

வவுனியா: எந்த மடிக்கணினி வாங்கலாம்?

கடைக்காரரைக் கேளுங்கள்.

மல்லாவி: தறியை இன்னும் குறைத்து மதிப்பிடுகிறீர்கள்.

ஒன்றை விட்டுத்தருகிறேன். ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படமொன்றைப் பாபேஜ் வாங்கித் தம் வீட்டில் வைத்திருந்தார். தமது பகுப்பாய்வுப் பொறிக்கும் துளை அட்டைகளையே அவர் தெரிந்துகொண்டார்.