வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: மாரிகாலக் காய்ச்சல்களும் வீட்டுத் தொற்றுகளும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வன்னிப் பகுதியிலிருந்து வந்தவை. அவற்றுள்ளும் பெரும்பகுதி மாரிகாலத்து நோய்களைப் பற்றியவை. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: கடந்த காலபோக நெற்செய்கையின்போது என் கணவருக்குக் கடுங்காய்ச்சலும் உடம்புநோவும் வந்தன. கடையில் பனடோலும் டைக்ளோபினாக் குளிசையும் வாங்கிப் போட்டபின் நோவு குறைந்ததால், வைத்தியசாலைக்கு வர மறுத்துவிட்டார். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிச் சிறுநீரும் குறைந்த பிறகே கொண்டுபோனோம். எலிக்காய்ச்சல் என்றார்கள். இப்போது சுகமாக இருக்கிறார். அது டெங்கா, எலிக்காய்ச்சலா என்பதை முதலிலேயே வீட்டில் அறிய வழியில்லையா? (கண்டாவளை வாசகி)

பதில்: வீட்டில் வைத்து இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது, முதல் இரண்டு மூன்று நாட்களில் மருத்துவருக்கும் அது எளிதன்று. இரண்டிலும் காய்ச்சல் திடீரென்று ஏறும், தலையிடிக்கும், உடம்பு முறித்துப்போட்டதுபோல் நோகும். எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தசையை அழுத்தினால் தாங்கமுடியாத நோவு இருப்பதும், பீளை இல்லாமல் கண் சிவந்திருப்பதும் பொதுவாகக் காணப்படும். டெங்கில் கண்ணுக்குப் பின்னால் நோவும், தோலில் சிவந்த புள்ளிகளும் வரலாம். ஆயினும் இவை எல்லோரிடமும் தோன்றுவதில்லை. அதனால் அறிகுறிகளைவிட ஒரு படி பின்னே சென்று, காய்ச்சல் தொடங்குவதற்கு முந்திய இரண்டு மூன்று கிழமைகளில் நோயாளி எங்கே நின்றார், எதில் கால் வைத்தார் என்று கேட்பதே வன்னியில் அதிகம் பயன்தரும் என்பது என் கருத்து. வெளிநோயாளர் பிரிவில் நின்றுகொண்டு “காய்ச்சல், மூன்று நாள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வருபவர்கள், அந்த மருத்துவருக்கு மிகவும் தேவையான செய்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள். வயலில் நின்றேன், காலில் வெடிப்பு இருந்தது, வாய்க்காலில் குளித்தேன், காட்டுக்குள் விறகு வெட்டினேன், மாடு கன்று போட்டபோது கை கொடுத்தேன் என்பவற்றை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீரோடு வெளிவந்து சேற்றிலும் தேங்கிய நீரிலும் உயிர்வாழ்கிறது. தோலிலுள்ள கீறல், வெடிப்பு வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடலுக்குள் புகுகிறது. பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். முற்றினால் சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் தாக்கப்படும். 2024 டிசம்பரில் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் பரவிய காய்ச்சல் உயிர்களைக் காவுகொண்டபோது, அது எலிக்காய்ச்சலே எனப் பின்னர் கண்டறியப்பட்டது. இந்நோய்க்கு அன்ரிபயோட்டிக் உண்டு. தொடக்கத்திலேயே கொடுத்தால் அதிக பயன் தரும். இரத்தப் பரிசோதனை முதல் நாட்களில் நோய் இல்லை என்று காட்டிவிடக்கூடும் என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவர்கள் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவார்கள்.

டெங்கில் அன்ரிபயோட்டிக்குக்கு இடமில்லை. அங்கே நீராகாரமும் நேரத்துக்கு நேரம் கவனிப்பதுமே வைத்தியம். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளில் முழு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அதுவரை காத்திராமல் முதல் நாளே காட்ட வேண்டும். டெங்கில் மிகவும் ஆபத்தான நேரம், காய்ச்சல் தணிந்து “சுகம் வந்துவிட்டது” என்று வீட்டார் ஆறுதலடையும் நேரமே. அப்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கி, ஓரிரு நாட்கள் நீடிக்கும். கடும் வயிற்றுநோவு, விடாத சத்தி, எங்கிருந்தாவது இரத்தம் கசிதல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, கைகால் குளிர்ந்துபோதல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், இரவென்று பாராமல் 1990 இலக்கத்தை அழைத்து நோயாளர் காவுவண்டியில் கொண்டுசெல்லுங்கள். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2500 மில்லிலீற்றர் நீராகாரம் போகவேண்டும். கஞ்சி, செவ்விளநீர், ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றக் கரைசல்), பழச்சாறு நல்லவை. பீற்றூட், கோப்பி போன்ற சிவந்த அல்லது கபில நிறப் பானங்களைத் தவிருங்கள்; சத்தியில் வருவது இரத்தமா, குடித்ததா என்று குழப்பம் ஏற்படும். பப்பாசி இலைச்சாறு பற்றிக் கேட்காதவர் இல்லை. அது இரத்தப் பரிசோதனைக்கோ கண்காணிப்புக்கோ ஈடாகாது. அதை நம்பி வீட்டில் இருந்துவிடுவதுதான் அதனால் வரும் பெரிய தீங்கு.

உங்கள் கணவர் போட்ட டைக்ளோபினாக் குளிசைக்கு வருவோம். காய்ச்சலின் காரணம் தெரியாத நிலையில் டைக்ளோபினாக், இபுபுரோபன், அஸ்பிரின் மூன்றும் கூடாதவை. டெங்காக இருந்தால் குருதிப்பெருக்கை மோசமாக்கும். எலிக்காய்ச்சலாக இருந்தால் ஏற்கெனவே அடிபடும் சிறுநீரகத்தை மேலும் தாக்கும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளர் இல்லாத ஊர் அரிது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பரசிற்றமோல் (பனடோல் என்பதும் இதுவே) மட்டும் போதும்: வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளில் எட்டுக்கு மேற்படாமல். உடல் நிறை குறைந்தவரும் ஈரல் நோயுள்ளவரும் இதைவிடக் குறைவாகவே எடுக்கவேண்டும்.

வரும் போகத்துக்கு, வயலில் இறங்குமுன்னரே உங்கள் பொதுச் சுகாதார பரிசோதகரைக் கண்டு, எலிக்காய்ச்சலைத் தடுக்க உதவும் டொக்சிசைக்ளின் குளிசை கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினூடாக இலவசமாகத் தருவார்கள். ஆபத்துள்ள காலம் முழுவதும் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பாட்டின் பின் நிறையத் தண்ணீருடன் போட்டு, போட்டதும் படுக்காமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுவர்களும் தாமாக எடுக்கக்கூடாது. இது முழுக் காப்பு அன்று. குளிசை போட்டவருக்கும் காய்ச்சல் வந்தால் காட்டியே ஆகவேண்டும்.

கேள்வி: மூன்று வயது மகனுக்கு மாதத்துக்கு ஒருமுறையாவது தடிமன், இருமல் வருகிறது. மூத்தவளுக்குக் கொடுத்து மிஞ்சிய அமொக்சிசிலின் பாணி இருக்கிறது. மூக்குச்சளி மஞ்சளானதும் கொடுக்கலாமா? (புதுக்குடியிருப்புத் தாய்)

பதில்: கொடுக்க வேண்டாம், அதை இன்றே அகற்றிவிடுங்கள். தூளில் நீர் கலந்த பாணி சில நாட்களில் வீரியம் இழந்துவிடும். அது புதியதாக இருந்தாலும், தடிமனை உண்டாக்குவது வைரசு. அமொக்சிசிலின் வைரசை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாவதும் பச்சையாவதும் தடிமன் ஆறும் வழியில் இயல்பாக நடப்பது. முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு ஆண்டில் ஆறு, எட்டுத் தடவை தடிமன் வருவது வழமை. காய்ச்சல் இரண்டு மூன்று நாளிலும் மூக்கொழுகல் பத்து நாளுக்குள்ளும் அடங்கும். இருமல் மட்டும் மூன்று கிழமை வரை இழுக்கலாம்.

பரசிற்றமோல் பாணியின் அளவு வயதைப் பார்த்தன்று, நிறையைப் பார்த்தே முடிவாகும். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியானால், 12 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒருவேளைக்கு 7.5 மில்லிலீற்றர்; ஆறு மணித்தியால இடைவெளியில், நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். போத்தலில் ஒட்டியுள்ள தாளில் வேறு அளவு எழுதியிருந்தால் கணக்கும் மாறும். குசினிக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபடுவதால், மருந்தோடு வரும் மூடியையோ ஊசியில்லாத சிறிஞ்சையோ பயன்படுத்துங்கள். இருமலுக்கு இரவில் ஒரு சிறுகரண்டி தேன் கொடுக்கலாம். நல்ல காட்டுத்தேன் கிடைக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் துளியும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குடலில் பெருகித் தசைகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். கொதிநீர்ச் சட்டியை வைத்து ஆவி பிடிப்பித்து, நீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளை வைத்தியசாலையில் நிறையக் கண்டதால் அதையும் வேண்டாம் என்பேன்.

நீங்கள் கவனிக்கவேண்டியது சளியின் நிறத்தையன்று, மூச்சை. பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையில் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ அது நியூமோனியாவாக இருக்கலாம். மூச்செடுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பிள்ளை குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே கொண்டுசெல்லுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வேறு அறிகுறி எதுவும் தேவையில்லை, அன்றே காட்டவேண்டும்.

வளர்ந்தவர் எவருக்கேனும் இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால், காசநோய்க்காகச் சளிப் பரிசோதனை செய்விக்கவேண்டும். மாவட்ட மார்புச் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம்.

கேள்வி: வெள்ளம் வடிந்தபின் கிணற்றுநீர் கலங்கலாக இருக்கிறது. வீட்டில் இருவருக்கு வயிற்றோட்டம். கிணற்றை இறைத்துவிட்டால் போதுமா? (பாண்டியன்குளம் வாசகர்)

பதில்: இறைப்பது மட்டும் போதாது, அவசரப்பட்டு இறைப்பதும் ஆபத்து. சுற்றிலும் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கையில் கிணற்றை வெறுமையாக்கினால் வெளி அழுத்தத்தால் கட்டு இடியலாம். அதைவிடக் கொடியது, நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவது: அதன் புகையிலுள்ள காபன்மொனொக்சைட் மணமில்லாமலே மனிதரை மயக்கிக் கொல்லும், காப்பாற்ற இறங்குபவரும் கூடவே இறப்பார். இயந்திரம் வெளியில்தான் நிற்கவேண்டும். நிலத்தடி நீர் தணிந்தபின் இறைத்து, சேற்றை அகற்றி, பொதுச் சுகாதார பரிசோதகர் நீரின் அளவைக் கணித்துச் சொல்லும் அளவில் குளோரின் தூள் இடுங்கள். அவர் சம்மதம் சொல்லும்வரை குடிக்கவும் வாய் கொப்பளிக்கவும் கொதித்தாறிய நீரே. நீர் கொதித்துக் குமிழி எழும்பியபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி ஒரு பக்கெற் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரையுங்கள். பாதிப் பக்கெற்றைக் கண்ணளவில் ஒரு குவளையில் கரைப்பது நல்லதன்று. உப்புக் கூடினால் குழந்தைக்குத் தீங்கு, குறைந்தால் பயனில்லை. 24 மணித்தியாலம் கடந்ததை ஊற்றிவிடுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர், மூத்த பிள்ளைக்கு அதன் இருமடங்கு. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது, சோறும் கஞ்சியும் நிறுத்தவேண்டியதில்லை. குழந்தைகளுக்குப் போக்கை நிறுத்தும் குளிசை கொடுக்கவே கூடாது. மலத்தில் இரத்தம், குழிந்த கண், கண்ணீரில்லாத அழுகை, சோர்ந்து கிடத்தல் இவற்றில் ஒன்று கண்டால் வைத்தியசாலை. காய்ச்சல் ஒரு கிழமையாக விடாமல் நின்றால் நெருப்புக்காய்ச்சலா (தைபொயிட்) என்றும் பார்க்கவேண்டும்.

கேள்வி: பேரனுக்கு அம்மாள் வருத்தம். மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு முன்பு வந்ததில்லை. வேப்பிலை கட்டி வைத்திருக்கிறோம். குளிக்க வார்க்கலாமா? மருந்து கொடுத்தால் குற்றமா? (ஓமந்தை, ஒரு பாட்டி)

பதில்: அம்மா, வாசலில் வேப்பிலை கட்டுவதை நான் குறைசொல்லேன், ஊரார் அந்த வீட்டுக்குள் வராமல் நிற்க அதுவே போதுமான அறிவித்தல். ஆனால் அம்மாள் வருத்தம் எனப்படும் பொக்குளிப்பான், புள்ளி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே தொற்றத் தொடங்கி, எல்லாக் கொப்புளங்களும் பொருக்குக் கட்டும்வரை தொற்றும். எனவே உங்கள் மருமகளுக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கலாம். அவர் இன்றே குடும்பநல உத்தியோகத்தருக்கு அறிவித்து மருத்துவரைக் காணவேண்டும். 21 நாட்கள் வரை காய்ச்சலோ புள்ளியோ வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். வந்தால் வைரசுக்கு எதிரான அசைக்ளோவிர் என்ற மருந்து உண்டு. புள்ளி தோன்றிய முதல் நாளில் தொடங்குவதே நல்ல பலன் தரும். கிளினிக்கில் மற்றக் கர்ப்பிணிகளோடு வரிசையில் இருக்காமல், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போகச்செய்யுங்கள்.

பேரனைத் தினமும் சுத்தமான இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டலாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் கொடுப்பதில் குற்றமில்லை. அஸ்பிரினும் இபுபுரோபனும் மட்டும் வேண்டாம். மரக்கறிச் சாப்பாடு உங்கள் நம்பிக்கையாக இருந்தால் இருக்கட்டும், ஆனால் பருப்பும் பாலும் குறையாமல் கொடுங்கள்.

கேள்வி: மாடு சாய்க்கக் காட்டுக்குப் போய்வருபவன். பத்து நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை என்றார்கள். இடுப்பில் நோவில்லாத ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறது. இதற்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டா? (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: உண்டு என்றே நினைக்கிறேன். இந்த இதழைக் கையில் எடுத்துக்கொண்டே வைத்தியசாலைக்குப் போய் அந்தப் பொருக்கைக் காட்டுங்கள். இது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அதைப் பரப்பும் சிற்றுயிரின் குஞ்சு பற்றைக் காட்டில் உடலில் ஏறிக் கடிக்கும்; கடித்த இடம் நோகாமலே கறுத்துவிடும். அக்குள், அரை, இடுப்புப்பட்டி இறுகும் இடம், பெண்களுக்கு மார்பின் கீழ் என மறைவான இடங்களிலேயே இது பெரும்பாலும் இருப்பதால், சட்டை கழற்றாத பரிசோதனையில் தப்பிவிடும். நோய் தெரிந்துவிட்டால் டொக்சிசைக்ளினில் இரண்டு நாளுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். தெரியாமல் போனால் நுரையீரலும் மூளையும் தாக்கப்படலாம். காய்ச்சலே இல்லாமல், மாதக்கணக்கில் ஆறாத நோவற்ற கட்டி கையிலோ முகத்திலோ இருந்தால் அது வேறு, மணல் ஈயால் வரும் லீஷ்மேனியாசிஸ் ஆகலாம். அதற்குத் தோல் நோய் கிளினிக்கில் காட்டவேண்டும்.

கேள்வி: விடுதியில் படிக்கும் மகள் சிரங்கோடு வந்தாள். களிம்பு பூசியும் திரும்பத் திரும்ப வருகிறது. (வவுனியா)

பதில்: அவளுக்கு மட்டும் பூசியிருப்பீர்கள். சிரங்கு தோலுக்குள் வாழும் நுண்ணிய பூச்சியால் வருவது; அதனால் கடி (அரிப்பு) இல்லாதவர் உட்பட வீட்டார் எல்லோரும் ஒரே இரவில் பேர்மெத்திரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரலிடுக்கும் நகவிளிம்பும் விடாமல் பூசிக் காலையில் கழுவி, ஏழாம் நாள் மீண்டும் பூசவேண்டும். உடுப்பையும் படுக்கை விரிப்பையும் அன்றே சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். பூச்சி செத்தபின்னும் கடி இரண்டு முதல் நான்கு கிழமை நிற்கும். அதற்காக மேலும் மேலும் பூசவேண்டாம். விடுதிக்கும் அறிவியுங்கள்.

கேள்வி: முன்பு மலேரியா இல்லாத வீடே இல்லை. இப்போது காய்ச்சலென்று போனால் மலேரியாவுக்கு இரத்தம் எடுப்பதில்லையே, ஏன்? (மடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. அதே ஆண்டின் முடிவில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் ஒருவகை நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது; அது கிணறுகளிலும் முட்டையிடும். கிருமியோடு ஒருவர் வந்து சேர்ந்தால் பரப்புவதற்கு நுளம்பு இங்கே இருக்கிறது. இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பிய ஒருவருக்கு, வந்து மாதங்கள் கழிந்த பிறகு காய்ச்சல் வந்தாலும், பயணத்தைச் சொல்லி மலேரியாப் பரிசோதனையைக் கேட்டுப் பெறவேண்டும். பரிசோதனையும் மருந்தும் மலேரியாத் தடை இயக்கத்தினால் இலவசமாக வழங்கப்படுகின்றன.