முதல் வரியில் கிண்டி

அம்மா, வணக்கம். குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பெண்கள் பள்ளியில் படித்து இப்போது ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்-ஆஃப் 200-க்கு 184. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் சென்னை கிண்டி இன்ஜினியரிங் காலேஜைத்தான் முதல் சாய்ஸாகப் போடுவேன் என்று அடம்பிடிக்கிறாள். கிடைக்காத காலேஜை மேலே போட்டால் வேலூர் பாகாயத்தில் இருக்கும் தந்தை பெரியார் காலேஜும் கைவிட்டுப் போய்விடும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். தந்தை பெரியாரை எத்தனையாவதாகப் போடலாம்? பெண் பிள்ளை சென்னையில் தனியாக, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாமே கவலையாக இருக்கிறது. பேராசைப்படுகிறாளோ என்றும் தோன்றுகிறது.

ஆர்., குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

ஜூன் மாதம் வந்தாலே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுதான் ஓடும். அதனால் உடனே பதில் எழுதுகிறேன்.

உங்கள் 'தெரிந்தவர்கள்' சொன்னது தப்பு. கொஞ்சம் தப்பு இல்லை, தலைகீழான தப்பு. இதை நிறுத்தித்தான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வருஷா வருஷம் நம் பக்கத்தில் இந்த ஒரு புரளியால் எத்தனையோ பிள்ளைகள் பட்டியலைக் குட்டிச்சுவராக்கிக்கொள்கிறார்கள்.

2018-க்கு முன்னால் கவுன்சலிங்குக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். ரேங்க் வரிசைப்படி கூப்பிடுவார்கள். உள்ளே போனால், அந்த நிமிஷம் எங்கெங்கே எந்தப் பாடத்தில் இடம் மிச்சம் என்று திரையில் தெரியும். கிண்டி இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையா, சரி, அடுத்தது. கிண்டியைத் தேடினாள் என்று யாரையும் வரிசையின் கடைசிக்குத் துரத்தவில்லை. நாம் தேடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நிற்பவர் பாகாயத்தைத் தட்டிக்கொண்டு போகவும் முடியாது, அவர் முறை இன்னும் வரவில்லை. இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது, அவ்வளவுதான். உங்கள் மகளின் முறை வந்ததும் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டே வரும். எந்த வரியில் இடம் இருக்கிறதோ அங்கே நிற்கும். மேலே பத்து வரிக்குக் கிண்டியைப் போட்டாலும் பதினோராவது வரியில் இருக்கும் பாகாயத்துக்கு ஒரு குறையும் வராது. ஆனால் பாகாயத்தை மேலே வைத்துக் கிண்டியைக் கீழே போட்டால், பாகாயம் கிடைத்த பிறகு அது கீழே இறங்கிப் பார்க்கவே பார்க்காது. கிண்டியில் இடம் காலியாகவே இருந்தாலும் போச்சு. இத்தனை சாய்ஸ்தான் என்ற கணக்கும் கிடையாது. எண்பது வரி வேண்டுமா, எண்பது வரி போடுங்கள். இடம் ஒதுக்கிய பிறகும்கூட, இதை ஏற்றுக்கொள்கிறேன், மேலே காலியானால் அதைக் கொடுங்கள் என்று சொல்ல வழி வைத்திருக்கிறார்கள்.

கிண்டி என்றால் உங்களுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒன்றுதான் தெரியும் போலிருக்கிறது. அது 200-ஐ ஒட்டித்தான் நிற்கும். ஆனால் சுரங்கம், ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ், பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங், வேளாண்மை மற்றும் பாசனம் எல்லாமே அந்த வளாகத்தில்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதோடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உங்கள் மகள் போட்டி போடப்போவது தன்னைப் போன்றவர்களோடு. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காதுதான். யாருக்குத்தான் பிடித்தது?

பேராசை என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ராத்திரி பகலாக ரயிலில் உட்கார்ந்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு ஜனங்கள் வருகிறார்கள். காட்பாடி ஸ்டேஷனில் தினமும் பார்க்கிறோம். அந்த ஸ்டேஷனிலிருந்து சென்னை சுமார் 130 கிலோமீட்டர். உங்களுக்கு அது தூரம்! நூல் வாங்கவோ பாக்கி வசூலிக்கவோ நீங்கள் சென்னைக்குப் போனதே இல்லையா?

என் அக்கா 1981-ல் ப்ளஸ் டூ முடித்தாள். எங்கள் வீட்டிலும் தறிதான். கணக்கில் அவளை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது. "நைனா, கிண்டிக்கு ஒரு அப்ளிகேஷன் வாங்கித் தா" என்று ஒருநாள் கேட்டாள். வேலூர் இன்ஜினியரிங் காலேஜ் வந்ததே 1984-ல்தான், பக்கத்தில் வேறு எதையும் கேட்க வழியில்லை. நைனா வேண்டாம் என்று சொல்லவே இல்லை. பெரியப்பாதான், "அதெல்லாம் நமக்கு இன்னாத்துக்கு? அங்க போயி நம்ம பேர எழுதிக் குடுத்தா சிரிப்பானுங்க" என்றார். அதற்குப் பிறகும் யாரும் மறுக்கவில்லை. நூல் வாங்க வாரத்துக்கு ஒருத்தராவது மெட்ராஸ் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஒவ்வொருத்தரும் மறந்துவிட்டு வந்தார்கள். கடைசித் தேதி தாண்டிப்போனது. சிரிக்கிற வாய்ப்பைக்கூட அந்தக் காலேஜுக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

அக்கா கெட்டுப்போய்விடவில்லை. பி.எஸ்ஸி. கணக்கு படித்து, அரசுப் பள்ளியில் டீச்சராகி, நன்றாகத்தான் இருந்தாள். பரிதாபப்பட்டால் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் ரிட்டயர் ஆன பிறகும் கவுன்சலிங் சமயத்தில் பிள்ளைகளோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக அப்பாக்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவாள். முதல் பத்து வரி பிள்ளையுடையது. திரும்பி வந்து மீதியை நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம், காட்பாடியோ வேலூரோ எதுவானாலும். போன வருஷம் ஒருத்தர் கோபித்துக்கொண்டு டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். "உட்காரட்டும், இன்னொரு டீ சொல்லு" என்றாள்.

1918-ல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி ஆரம்பித்தபோது முதல் வருஷமே 151 விண்ணப்பங்கள் வந்தன. பல பேருக்கு இடம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அந்த வீடுகளிலும் பெரியப்பாக்கள் இருந்திருப்பார்கள், தம்பி. அதையும் மீறிக் கேட்டார்கள். கிண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே படித்த லலிதா என்ற பெண்ணுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் குழந்தை. அவருடைய அப்பா அதே காலேஜில் பேராசிரியர். அதுவரை பெண்களே படிக்காத இடத்தில் மகளைச் சேர்த்துக்கொள்ளும்படி பிரின்சிபாலிடம் போய்க் கேட்டார். 1940-ல் சேர்த்துக்கொண்டார்கள். நாட்டின் முதல் பெண் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் வந்தது அப்படித்தான். உங்களை யாரும் பிரின்சிபாலிடம் போகச் சொல்லவில்லை. ஒரு வரியை மேலே விடச் சொல்கிறேன்.

உங்கள் மகளுக்குக் கிண்டி கிடைக்காமலும் போகலாம். 184-க்கு நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். இடம் இல்லை என்று சொல்வது அவர்கள் வேலை, அதை நீங்கள் ஏன் குடியாத்தத்தில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்காகச் செய்கிறீர்கள்?

தந்தை பெரியாரை எத்தனையாவதாகப் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள், நான் எங்கேயோ போய்விட்டேன். நல்ல காலேஜ், அரசுக் காலேஜ், பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். எத்தனையாவது என்பதை உங்கள் மகளிடம் கேளுங்கள். பிரவுசிங் சென்டரில் பட்டியலை 'லாக்' செய்வதற்கு முன்னால் ஒரு பிரிண்ட் எடுத்து அவள் கையில் கொடுங்கள், காலேஜ் கோடு நம்பரை ஒவ்வொன்றாக அவளே சரிபார்க்கட்டும். அவசரத்தில் ஒரு இலக்கம் மாறிப்போனால் வேறு ஏதோ ஊர்க் காலேஜ் வந்து உட்கார்ந்துகொள்ளும்.