மஞ்சள் கடிதாசி கொடுப்பதற்கு முன்

கேள்வி: விசைத்தறித் தொழிலில் நொடித்துவிட்டேன். வங்கிக் கடன், கைமாற்று, வட்டிக்கடன் எல்லாம் சேர்த்து 18 லட்சம். ஐ.பி. (நொடித்தவர் என்று அறிவிக்கக் கோரி நீதிமன்றத்தில் போடும் மனு) கொடுப்பது எப்படி? வேறு வழி உண்டா? சில கடன்களுக்கு என் மைத்துனர் ஜாமீன் போட்டிருக்கிறார்.

பதில்: நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. ஈரோட்டுப் பக்கம் இருபத்தைந்து வருடமாக இந்த மனுக்களைத் தட்டச்சு செய்தும் கட்டு கட்டியும் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கலைத்துவிடுகிறேன். ஐ.பி. கொடுக்கப் போவதாகக் கடன் கொடுத்தவர்களுக்கு வக்கீல் மூலம் மஞ்சள் நோட்டீஸ் (அதுதான் மஞ்சள் கடிதாசி) அனுப்பிவிட்டால் யாரும் கிட்டே வர முடியாது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். நோட்டீஸுக்கு அந்தச் சக்தி கிடையாது. மனுவை விசாரித்து, நீங்கள் நொடித்தவர் என்று நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான், அதன் அனுமதி இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் உங்கள் மேல் புது வழக்குப் போட முடியாது. கைதாகாமல் இருக்கப் பாதுகாப்பு உத்தரவு கேட்பதும் அதற்குப் பிறகுதான்.

2016-இல் புதிய திவால் சட்டம் வந்ததே என்று கேட்பீர்கள். தனிநபர்களைப் பொறுத்தவரை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே அது 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. உங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் 1920-ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம்தான். சென்னைக்காரர் என்றால் 1909-ஆம் வருடச் சட்டம், உயர் நீதிமன்றம். மாவட்டங்களில் பெரும்பாலும் சார்பு நீதிமன்றம். மனுப் போட ஐந்நூறு ரூபாய்க் கடன் இருந்தாலே போதும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஐந்நூறு ரூபாய் பெரும்பணமாக இருந்த காலத்தில் எழுதியது!

மனுவில் முக்கியம் இரண்டு அட்டவணைகள். ஒன்றில் கடன் கொடுத்தவர் ஒவ்வொருவருடைய பெயர், முகவரி, தொகை. மற்றொன்றில் உங்கள் சொத்து, அதன் மதிப்பு. அந்தச் சொத்தை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கச் சம்மதம் என்றும் எழுதித் தர வேண்டும். பள்ளிபாளையத்துத் தறிக்காரர் ஒருவர் நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் கடனை எழுதிக் கொண்டுவந்தார். எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று பேர். கூட வந்த அவருடைய மனைவி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதையும் எழுதணுமா?" என்றார். தாலி, உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் கருவி இவற்றிலெல்லாம் கை வைக்கக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சொன்ன பிறகுதான் அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வீட்டை மனைவி பெயருக்கு எழுதி வைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்காதவர் குறைவு. வேண்டாம். மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் விலையில்லாமல் மாற்றிய சொத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். மறைத்தது தெரிந்தால் சிறைத் தண்டனையும் உண்டு.

ஐ.பி. எதையெல்லாம் தடுக்காது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. அடமானம் வைத்த வீட்டை வங்கி தன் வழியில் ஏலத்துக்குக் கொண்டுபோகும். காசோலை திரும்பிய வழக்கு குற்ற வழக்கு, அது தனியாக ஓடும். அரசுக்குச் சேர வேண்டிய பாக்கியும் மோசடியில் வந்த கடனும் கடைசிவரை கழியாது. ஜாமீன்தாரருக்கும் விடுதலை கிடையாது. உங்களிடம் வாங்க முடியாததைக் கடன் கொடுத்தவர்கள் நேராக உங்கள் மைத்துனரிடம் போய்க் கேட்பார்கள்.

நொடித்தவர் என்ற உத்தரவோடு வேலை முடிந்ததாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதில் சொன்ன கெடுவுக்குள், கடன்களிலிருந்து விடுவிக்கக் கேட்டு விடுவிப்பு மனுப் போட வேண்டும். போடாவிட்டால் முதல் உத்தரவே ரத்தாகும், பழைய கடன்காரர்கள் மறுபடி வாசலுக்கு வருவார்கள். விடுவிப்புக் கேட்கும்போது, சொத்து மதிப்பு கடனில் ரூபாய்க்கு எட்டணாவாவது, அதாவது பாதியாவது, தேறுகிறதா என்று பார்ப்பார்கள். தேறாவிட்டால், அது உங்கள் குற்றத்தால் வந்ததல்ல என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். தறிக் கணக்கு நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். விடுவிப்புக் கிடைக்கும்வரை சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ நிற்க முடியாது. அது நமக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் நொடித்தவர் என்று சொல்லாமல் ஐம்பது ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம் என்று இருக்கிறதே, டீக்கடைக் கணக்கைக் கூட யோசித்து வைக்க வேண்டும்.

இப்போது மாற்று வழி. வங்கிக் கடனுக்கு ஒருமுறைத் தீர்வு, அதாவது குறைத்துப் பேசிய தொகையைக் கட்டிக் கணக்கை முடிப்பது, கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே தொகையை எழுத்தில் வாங்குங்கள், கட்டியபின் பாக்கி இல்லாச் சான்றும் வாங்குங்கள். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் முழுதாக அடைத்ததாக வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல். கைமாற்றுக்காரர்களோடு லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) தவணை பேசலாம். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, நிலுவை வழக்கென்றால் நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மீட்டர் வட்டி, கந்துவட்டி கேட்டு மிரட்டுகிறவர் மேல் 2003-ஆம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம், மூன்று வருடம்வரை சிறை.

ப்ரோநோட்டுக்குக் காலவரம்பு மூன்று வருடம். "வட்டி வரவு வைத்துக் கொடுங்கள்" என்று நோட்டின் பின்னால் கையெழுத்துக் கேட்டால், போடுவதற்கு முன் தேதியைப் பாருங்கள். நீங்கள் வரவு எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம்.

சிறைப் பயத்தில் மட்டும் ஐ.பி.க்கு ஓடாதீர்கள். கடனைக் கட்ட வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிவில் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வசதி இருந்தும் ஏய்த்தவருக்குத்தான் அந்தச் சிறை.

அடமானமும் காசோலையும் இல்லாத வெறும் நோட்டுக் கடன்தான் பெரும்பங்கு, ஜாமீன்தாரர் யாரும் இல்லை, தவணை கட்டவும் வருமானம் இல்லை என்றால் ஐ.பி. கொடுங்கள் என்று நானே சொல்வேன். உங்கள் கதை அப்படித் தெரியவில்லை. இன்று ராத்திரி ஒரு தாளை எடுத்து 18 லட்சத்தையும் கடன் கடனாக எழுதுங்கள். மைத்துனர் கையெழுத்து இருக்கிற ஒவ்வொரு வரியிலும் ஒரு வட்டம் போடுங்கள். வக்கீலிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.