சிக்னலா, நடைமேம்பாலமா, புதுப் பஸ்ஸா?

கேள்வி: சுமார் 80,000 பேர் வாழும் சிறிய நகரம் எங்களுடையது. நடுவே நான்கு லேன் சாலை ஒன்று போகிறது. பள்ளி, மருத்துவமனை, கடைகள் எல்லாம் அதன் இரு பக்கமும்தான். போன ஆண்டு அந்தச் சாலையில் இரண்டு பேர் அடிபட்டு இறந்தார்கள். பஸ் மணிக்கு ஒன்று, அதுவும் பாதி காலியாகத்தான் ஓடுகிறது. நகராட்சி அமைத்த குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஒருவர் சிக்னல் வேண்டும் என்கிறார், இன்னொருவர் நடைமேம்பாலம் என்கிறார், மூன்றாமவர் புதுப் பஸ் வாங்கலாம் என்கிறார். எல்லாவற்றுக்கும் பணம் இல்லை. எதில் தொடங்குவது?

பதில்: மூன்றில் எதையும் இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. அந்தச் சாலையில் இருக்கும் பஸ் நிறுத்தங்களில் தொடங்குங்கள். காரணம் எளிது. பஸ்ஸில் போய்வருகிற எவரும் போகும்போதோ வரும்போதோ ஒரு முறை அந்தச் சாலையைக் கடந்தே தீர வேண்டும். ஏறிய நிறுத்தம் ஒரு பக்கம், திரும்பி வந்து இறங்கும் நிறுத்தம் எதிர்ப்பக்கம். கடக்கவே பயமாக இருக்கும் சாலையில் எத்தனை பஸ் விட்டாலும் பிள்ளையைத் தனியாக அனுப்ப யாருக்கும் மனம் வராது, முழங்கால் வலியுள்ள பெரியவர் வீட்டை விட்டே கிளம்ப மாட்டார். நீங்கள் இரண்டு பிரச்சினையாகச் சொல்வது உண்மையில் ஒன்றுதான். அதனால் பணத்தையும் ஒரே இடத்தில் போடலாம்.

முதலில் வேகம். 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட இடத்திலிருந்து சுமார் 13 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அதே 13 மீட்டரைக் கடக்கும்போது ஓட்டுநர் பிரேக்கை அழுத்தக்கூடத் தொடங்கியிருக்க மாட்டார். கண்டு, உணர்ந்து, காலை நகர்த்த ஆகும் ஒரு விநாடிக்குள் வண்டி கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆக, மெதுவாக வந்த வண்டி நின்றிருக்கும் அதே இடத்தில் வேகமாக வந்தது வேகம் குறையாமல் மோதுகிறது. சராசரி வேகம் 1% கூடினால் உயிர் போகும் விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4% கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மோட்டார் வண்டிகளோடு கலக்கும் இடங்களில் 30 கி.மீ.தான் வரம்பாக இருக்க வேண்டும் என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் சொன்னதும் இதனால்தான்.

ஆனால் 30 என்று பலகை நட்டுவிட்டால் வேகம் குறைந்துவிடாது. அகலமாக, நேராக, காலியாக இருக்கும் சாலை ஓட்டுநரின் காலை அழுத்தச் சொல்லும், பலகை என்ன சொன்னாலும் சரி. மாற்ற வேண்டியது சாலையின் அமைப்பை. உங்கள் நான்கு லேனில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கடக்க நிற்பவரைப் பார்த்து ஓரத்து லேனில் வருகிற வண்டி நின்று வழி விடுகிறது. அந்த வண்டி மறைப்பதால் அடுத்த லேனில் வருகிறவருக்கு நடப்பவர் தெரியவில்லை, நடப்பவருக்கு அவரும் தெரியவில்லை. நல்லவர் ஒருவர் நின்றதால்தான் அந்த விபத்தே நடக்கிறது. ஜீப்ரா கோட்டை எவ்வளவு பளிச்சென்று அடித்தாலும் இது தீராது.

தீர்வு, நான்கு லேனை மூன்றாக்குவது. திசைக்கு ஒரு லேன், நடுவில் திரும்பும் வண்டிகளுக்கு ஒரு லேன். கடக்கும் இடங்களில் அந்த நடு லேனை மூடி, நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு. நடப்பவர் ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்தால் போதும். அமெரிக்காவில் இப்படி மாற்றிய சாலைகளில் விபத்துகள் 19 முதல் 47% வரை குறைந்ததாக அந்நாட்டு மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் கணக்குக் காட்டுகிறது. ஒரு நாளைக்கு 20,000 வண்டிகள் வரை போகும் சாலைக்கு இது பொருந்தும் என்பது அவர்களின் கணக்கு. உங்கள் ஊர் அளவுக்கு அதைத் தாண்டும் சாலை அபூர்வம். இருந்தாலும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள், ஏனென்றால் குழுவில் முதல் கேள்வியே ‘நெரிசல் வராதா?’ என்பதாகத்தான் இருக்கும்.

நடைமேம்பாலத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: அது நடப்பவருக்காகக் கட்டுவது அல்ல, வண்டிகள் நிற்காமல் போவதற்காகக் கட்டுவது. கீழே நேராகக் கடப்பதைவிட மேலே ஏறி இறங்க ஒன்றரை மடங்கு நேரம் ஆகிறது என்றாலே ஏறக்குறைய யாரும் ஏறுவதில்லை என்று 1960-களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். சக்கர நாற்காலிக்காரருக்கு லிஃப்ட் வேண்டும், லிஃப்டைப் பராமரிக்க ஆண்டுதோறும் பணம் வேண்டும். அப்புறம் கீழே கடக்கிறவர்களைத் தடுக்க வேலி, வேலியில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டை வழியாக ஒரு விபத்து.

சிக்னல் அவ்வளவு மோசமில்லை, ஆனால் நகரச் சாலைக்கு அது ஒன்றே மருந்தும் அல்ல. நடுநிசியில் பச்சை விளக்கைப் பார்த்து வண்டிகள் பறக்கும். இடம் இருந்தால் ஒரு லேன் ரவுண்டானா மேல். எல்லோரும் மெதுவாகத்தான் நுழைய முடியும், நேருக்கு நேர் மோதலும் பக்கவாட்டு மோதலும் ஏறக்குறைய இல்லாமல் போகும். ஒரு லட்சம் பேர் உள்ள கார்மல் என்ற அமெரிக்க நகரம் 150-க்கும் மேற்பட்ட ரவுண்டானாக்களை வைத்திருக்கிறது. உங்களுக்கு அத்தனை தேவையில்லை. சாலையின் இரு முனையிலும், நகருக்குள் நுழையும் இடத்தில் முனைக்கொன்று வைத்தாலே நடுவில் வேகம் இறங்கும்.

சரி, இனி நிறுத்தத்துக்கு வருவோம். கிராசிங் எங்கே இருக்கிறதோ அதைத் தாண்டி பஸ் நிற்க வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. அப்போதுதான் இறங்கியவர்கள் பஸ்ஸின் பின்னால் கடப்பார்கள். முன்னால் கடந்தால் பஸ்ஸே அவர்களை மறைத்துவிடும். பஸ் ஒதுங்கி நிற்க சாலையோரத்தைக் குடைந்து இடம் விடும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பஸ் உள்ளே போய்விட்டால் திரும்ப லேனுக்குள் நுழைய யாரும் வழி விடுவதில்லை. அதற்குப் பதில் நடைபாதையை லேன் வரை நீட்டி, பஸ் தன் லேனிலேயே நிற்கட்டும். பின்னால் வரும் வண்டிகள் இருபது முப்பது விநாடி காத்திருக்கும், நடுத்திட்டு இருப்பதால் முந்தவும் முடியாது. காத்திருக்கும் பயணிகளுக்கு இடம் கிடைக்கிறது, கடக்கும் தூரம் குறைகிறது. ஒரே கான்கிரீட்டில் இத்தனையும்.

கிராசிங்குக்கு முன்னால் ஐந்தாறு மீட்டருக்கு எந்த வண்டியும் நிறுத்தக் கூடாது. கேட்க அற்பமாக இருக்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஹோபோகன் என்று ஒரு நகரம், சுமார் 60,000 பேர். தெருமுனைகளில் பார்வையை மறைக்கும் பார்க்கிங்கை அகற்றுவதைத் தொடர்ந்து செய்துவந்தார்கள், வேக வரம்பையும் குறைத்தார்கள். 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஒருவர்கூடச் சாலை விபத்தில் இறக்கவில்லை. வெறும் கோடு அடித்து வைத்தால் அதன் மேலேயே வண்டியை நிறுத்துவார்கள், எனவே கம்பங்களோ சைக்கிள் ஸ்டாண்டோ வைத்து இடத்தை நிரப்பிவிடுங்கள். விளக்குக் கம்பத்தைக் கிராசிங்குக்கு நேர் மேலே போடாமல், வண்டி வரும் பக்கம் சற்று முன்னால் போடுங்கள். நேர் மேலே இருந்தால் நடப்பவர் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். வேகத்தடை பற்றிக் கேட்பார்கள். பஸ் ரூட்டில் குறுகிய மேட்டைப் போட்டால் பயணிகளின் முதுகும் ஆம்புலன்ஸில் படுத்திருப்பவரும் பாடுபடுவார்கள். கிராசிங்கையே தட்டையான அகல மேடையாக உயர்த்துங்கள்.

இப்போது பஸ். பாதி காலியாக ஓடுவதால் ஆள் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மணிக்கு ஒரு பஸ் என்றால் நினைத்த நேரத்துக்குப் போய் நிற்பவர் சராசரியாக 30 நிமிடம் காத்திருக்கிறார். வேறு வழி உள்ளவர் யாரும் அதில் ஏற மாட்டார். வழியே இல்லாதவர்கள் மட்டும் ஏறுகிறார்கள். சிறிய நகரங்களில் வழக்கமாக நடப்பது இதுதான்: எல்லாப் பேட்டைக்கும் ஒரு பஸ் போக வேண்டும் என்று எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய், ஒரு ரூட்டும் யாருக்கும் உதவாத நிலை.

ஒரு கணக்குப் போடுவோம். உங்களிடம் 6 பஸ், 6 ரூட், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ரூட்டும் மணிக்கு ஒன்று. அதே 6-ல் 4 பஸ்ஸைப் பிரதான சாலையில் நேர்க்கோடாக ஓட விட்டால் அங்கே 15 நிமிடத்துக்கு ஒன்று, சராசரிக் காத்திருப்பு ஏழெட்டு நிமிடம். நேர அட்டவணையைப் பார்க்காமலே கிளம்பலாம். மீதி 2 பஸ் தூரத்துப் பேட்டைகளை மணிக்கொரு முறை பிரதான சாலையோடு இணைக்கட்டும், ஒவ்வொரு மணியிலும் ஒரே நிமிடத்தில் கிளம்பும்படி. புதுப் பஸ் ஒன்றுகூட வாங்கவில்லை. ஆனால் சிலர் முன்பைவிட அதிகம் நடக்க வேண்டிவரும், இதை மறைக்கக் கூடாது. 400 மீட்டர் என்பது சாதாரணமாக நடப்பவருக்கு ஐந்து நிமிடம். அதற்கு மேல் நடக்க முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்பதிவு செய்து அழைக்கும் சிறிய வேன் தனியாக வேண்டும். அந்த வேனையே எல்லோருக்கும் என்று விரிக்காதீர்கள். வீடு வீடாகப் போகிற வண்டி ஒரு மணி நேரத்தில் நாலைந்து பேரைத்தான் ஏற்றும், கூட்டம் கூடக் கூடச் செலவும் கூடும்.

30 கி.மீ. வரம்பு பஸ்ஸையும் மெதுவாக்காதா என்றால், கொஞ்சம் ஆக்கும். 2 கி.மீ. தூரத்தை எங்கும் நிற்காமல் போனால் 50-ல் இரண்டரை நிமிடத்துக்குள், 30-ல் நான்கு நிமிடம். ஆனால் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் வண்டி எப்போது 50-ஐத் தொட்டது? லேனுக்குள் திரும்பக் காத்திருந்த நேரம் மிச்சம். 150 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும் நிறுத்தங்களை 300, 400 மீட்டருக்கு ஒன்றாக்கினால் இன்னும் மிச்சம். இந்த நிமிடங்களைச் சில்லறையாக நினைக்காதீர்கள். சுற்று 60 நிமிடத்துக்குள் முடிந்தால் 15 நிமிட இடைவெளிக்கு 4 பஸ் போதும். 63 ஆகிவிட்டால் ஐந்தாவது பஸ்ஸும் அதற்கு ஓட்டுநர்களும் வேண்டும்.

கட்டணத்தை ரத்து செய்யலாமா என்று யாராவது கேட்பார்கள். பிரான்ஸின் டன்கர்க் 2018 செப்டம்பரில் செய்தது, பயணிகள் பெருகினார்கள். ஆனால் அதே சமயம் அவர்கள் ரூட்டுகளையும் மாற்றி, பஸ்களை அடிக்கடி ஓட விட்டார்கள் என்பதைப் பலர் சொல்வதில்லை. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் 1997-ல் இலவசமாக்கி 2013-ல் கைவிட்டது. மணிக்கு ஒரு பஸ்ஸை இலவசமாக்கினாலும் அது மணிக்கு ஒரு பஸ்தான்.

இன்னொன்று, போன ஆண்டின் இரண்டு மரணங்களை அளவுகோலாக வைக்காதீர்கள். சிறிய நகரத்தில் இந்த எண்ணிக்கை தற்செயலாகவே ஏறி இறங்கும். மோசமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் குறையும், அந்தப் பெருமையை நடுவில் நட்ட பலகை வாங்கிக்கொள்ளும். ஐந்தாண்டுக் காயங்களை வரைபடத்தில் குறியுங்கள். அதோடு, நெரிசல் இல்லாத நேரத்தில் 100 வண்டிகளில் 85 எந்த வேகத்துக்குள் போகின்றன என்று அளந்து எழுதி வையுங்கள். வேலை முடிந்த சில மாதத்திலேயே அந்த எண் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையா, வடிவமைப்பு தவறு.

எதிர்ப்பு வரும். 2023 செப்டம்பரில் பிரிட்டனின் வேல்ஸ் குடியிருப்புச் சாலைகளில் மணிக்கு 20 மைல், அதாவது 32 கி.மீ., என்று வரம்பு வைத்தபோது எதிர்ப்பு மனுவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அதன் பிறகு வந்த கணக்குகளில் காயங்கள் குறைந்திருந்தன. எனவே முதலில் கான்கிரீட் போடாதீர்கள். பெயின்ட், பிளாஸ்டிக் கம்பங்கள், நகர்த்தக்கூடிய தடுப்புகள் போதும். பள்ளி, மருத்துவமனை முன்னால் உள்ள இரண்டு நிறுத்தங்களில் ஆறு மாதம் பாருங்கள். கடைக்காரர்கள் பார்க்கிங் போகிறது என்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து, சரக்கு இறக்க எந்த நேரம், எந்த இடம் என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால் பாதிச் சண்டை அடங்கும்.

வரிசை முக்கியம். கிராசிங்குகள் தயாரான பிறகே பஸ் ரூட்டுகளை மாற்றுங்கள். வீட்டு வாசல் பஸ்ஸை இழந்து பிரதான சாலைக்கு நடந்துவரப் போகிறவர்கள், வந்த முதல் நாளே பழைய நான்கு லேனைக் கடக்க வேண்டியிருந்தால், அடுத்த கூட்டத்தில் உங்கள் குழு எதையும் பேச முடியாது.