ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் மூச்சு வாங்குவது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. இதயச் செயலிழப்பு, எக்கோவில் பம்பிங் திறன் 35 சதவீதம். மாத்திரைகளைத் தவறவிடுவதில்லை, கால் வீக்கம் இல்லை, எடையும் ஏறவில்லை. ஆனாலும் மாடி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறார். ஹீமோகுளோபின் 13.4, ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் எண்) 160, டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எவ்வளவு பங்கில் இரும்பு ஏறியிருக்கிறது என்பது) 14 சதவீதம். ரத்தசோகை இல்லை என்கிற டாக்டரே, இரும்புச்சத்து குறைவு என்றும் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டுமே சரி. ரத்தசோகையை ஹீமோகுளோபினை வைத்துச் சொல்கிறோம். ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் உடம்பில் இரும்பு குறைய ஆரம்பித்து வெகுநாள் கழித்துத்தான் ஹீமோகுளோபின் இறங்கும். ரத்தத்துக்கு மட்டுமல்ல, தசைகளுக்கும் இரும்பு வேண்டும். தசை செல்லுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா இரும்பு இல்லாமல் ஒழுங்காக இயங்காது. இதயத் தசைக்கும் அதே கதிதான், மாடி ஏறும் கால் தசைக்கும் அதே கதிதான். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது. பலருக்கு யாரும் அதைத் தேடிப் பார்ப்பதே இல்லை என்பதுதான் வேதனை.

ஃபெரிட்டின் 160 என்றால் லேப் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே அச்சாகியிருக்கும். அதில் ஏமாந்துவிடக் கூடாது. உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். இதயச் செயலிழப்பில் அழற்சி எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இந்த நோயாளிகளுக்கு அளவுகோலே வேறு. ஃபெரிட்டின் 100-க்குக் கீழ் இருந்தால் குறைபாடு. 100 முதல் 299 வரை இருந்து, சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தாலும் குறைபாடு. உங்கள் அப்பா இரண்டாவது வகை. இரண்டில் நாங்கள் அதிகம் நம்புவது சாச்சுரேஷனைத்தான். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு யாராவது ‘எல்லாம் சரி’ என்றால், இந்த இரண்டு பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரையும் நல்ல சாப்பாடும் போதாதா? இரும்பை எதற்கு ஊசியாக ஏற்றச் சொல்கிறார்கள்?

பதில்: குடல் ஒரு நாளைக்கு உள்ளே இழுத்துக்கொள்வதே சாதாரணமாக 1 முதல் 2 மில்லிகிராம்தான். இவர்களுக்குத் தேவைப்படுவதோ 1,000 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். போதாக்குறைக்கு, அழற்சியால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. அது குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போகும் கதவை அடைத்துவிடும். 2017-இல் வெளியான ‘அயர்ன்அவுட்’ ஆய்வில் 225 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். தினமும் இரண்டு வேளை 150 மில்லிகிராம் இரும்பு மாத்திரையை 16 வாரம் சாப்பிட்டவர்களுக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் உடல் உழைப்புத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. மலச்சிக்கலைத் தாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுவது, பெரும்பாலானவர்களுக்குக் காலத்தை வீணாக்குவதுதான்.

நரம்பு வழியாக ஏற்றும்போது இரும்பு குடலுக்கே போகாமல் நேராக ரத்தத்தில் சேர்கிறது. பம்பிங் திறன் 50 சதவீதத்துக்குக் கீழ் இருந்து, மூச்சு வாங்குதல், களைப்பு போன்ற தொந்தரவும் இருப்பவர்களுக்கு ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2023-இல் இதை உறுதியாகப் பரிந்துரைத்தது. பம்பிங் திறன் நன்றாக இருந்தும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அவ்வளவு வலுவான ஆதாரம் இல்லை.

ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1,000 மில்லிகிராம். சலைனில் கலந்து 15 நிமிடமாவது ஏற்றுவார்கள். எடையையும் ஹீமோகுளோபினையும் பொறுத்து, தேவைப்பட்டால் ஆறு வாரம் கழித்து இரண்டாவது டோஸ். ஹீமோகுளோபின் 15-க்கு மேல் இருந்தால் போடக் கூடாது. ஏற்றும்போது ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே நர்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை விழும். அது எளிதில் போகாது. முடிந்ததும் 30 நிமிடம் அங்கேயே இருக்க வேண்டும், அபூர்வமாகக் கடும் அலர்ஜி வரலாம். இந்த மருந்து சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட்டைக் குறைக்கும். பின்னாளில் எலும்பு வலியோ தசை பலவீனமோ வந்தால் அதையும் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: ஊசி போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

பதில்: இரும்பு எங்கே போனது என்று தேடாமல் ஏற்றிக்கொண்டே இருப்பது ஆபத்து. ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வயிற்றிலோ குடலிலோ சொட்டுச் சொட்டாக ரத்தம் கசியலாம். சில நேரம் குடல் புற்றுநோயின் முதல் அடையாளமே இதுதான். ஆகவே டாக்டர் எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி சொன்னால் தள்ளிப் போடாதீர்கள். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், ஊசி கறுப்பாக்காது. ஊசி மட்டும் போட்டவருக்கு மலம் தார் போலப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ரத்தம் ஊறுவதற்கு எரித்ரோபொய்ட்டின் வகை ஊசி போடலாமா?

பதில்: இதயச் செயலிழப்பில் ரத்தசோகையைச் சரிசெய்வதற்காக என்றால் வேண்டாம். அந்த வகையைச் சேர்ந்த டார்ப்பெபொய்ட்டினை வைத்து நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. ஹீமோகுளோபின் ஏறியது, மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை, ரத்தக்கட்டிதான் கூடியது. சிறுநீரக நோய்க்காக ஏற்கெனவே போடுபவர்கள் தங்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: இரும்பு ஏற்றி ஒரு வாரம்தான் ஆகிறது. ஃபெரிட்டின் 600-ஐத் தாண்டிவிட்டது. பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஏற்றிய கையோடு ஃபெரிட்டின் எகிறத்தான் செய்யும். குறைந்தது நான்கு வாரமாவது கழிந்த பிறகே அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு; 12 வாரம் கழித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.